யாரைக் கேட்டு இணைத்தனர்?

மணமகளின் மனத்தை அறியாமல் நடத்தப்படும் திருமணத்தை நாம் திருமணம் என்று ஒப்புவதில்லை. மேளம் முழங்கியிருக்கலாம், விருந்து மணத்திருக்கலாம், ஊர்ப் பெரியவர்கள் உள்ளம் குளிர்ந்து வாழ்த்தியிருக்கலாம். ஆயினும், "அந்தப் பெண்ணைக் கேட்டீர்களா?" என்ற ஒரே கேள்வியின் முன்னால் அத்தனை ஆரவாரமும் அடங்கிவிடுகிறது. வாழப்போகிறவரைக் கேளாமல் அவர் வாழ்வை முடிவு செய்ய எவருக்கும் உரிமை இல்லை. இதனை மேடையிலே பேசினோம், படிப்பகத்திலே பேசினோம், நம் வீட்டுத் திண்ணையிலும் பேசத் துணிந்துவிட்டோம்.

பத்திரிகைகளின் வாணிபப் பக்கத்திலும் அவ்வப்போது ஒரு திருமணச் செய்தி வருகிறது. இன்ன விமானக் கம்பெனியும் இன்ன விமானக் கம்பெனியும் இணைகின்றன என்பர். மாலை மாற்றாத குறையாக இரு தலைவர்கள் கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொள்வர். 'பலம் பெருகும், செலவு குறையும், சேவை சிறக்கும்' என்று வாழ்த்துப்பா வேறு! ஆனால் அந்தக் குடும்பத்தில் உண்மையாகவே வாழப்போகிறவர்கள் யார்? விமானம் ஓட்டுவோர், பயணிகளுக்குப் பணிபுரிவோர், இயந்திரம் பழுது பார்ப்போர், பெட்டி சுமப்போர், சீட்டுக் கொடுப்போர். அவர்களோ அந்தச் செய்தியை மற்றவர்களைப் போலக் காலைப் பத்திரிகையில் படித்துத் தெரிந்துகொள்கின்றனர்.

"ஆகாயத்தில் பறப்பவன் கவலை அடுப்பங்கரையில் வாடுபவனுக்கு எதற்கு?" என்று தோழர் ஒருவர் கேட்கக்கூடும். நாமும் அப்படித்தான் எண்ணியிருந்தோம். அந்த எண்ணத்தை மாற்றியது விமான நிலையம் அன்று. பள்ளிக்கூடத்து ஆசிரியர் அறை.

நாம் பாடம் சொல்லித்தரும் தொழிலில் இருக்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன், ஒரே நிர்வாகத்தின் கீழிருந்த இரு பள்ளிகளை ஒன்றாக்கினார்கள். மாணவர் தொகை குறைந்துவிட்டது, கட்டடம் ஒன்று போதும், காரணம் சரியானதுதான். பெஞ்சுகள் வண்டியேறி வந்தன. கரும்பலகைகள் வந்தன. உலக உருண்டைகள் இரண்டும் ஒரே அலமாரியில் அமர்ந்தன. அவற்றுக்குள் சச்சரவு இல்லை. ஆனால், பதினோராண்டு பணிசெய்த ஆசிரியை ஒருவர், "நான் இங்கே எத்தனையாவது ஆள்?" என்று கேட்டபோது, எவரிடமும் விடையில்லை. ஒரு பள்ளியிலே பட்டியல் பணியில் சேர்ந்த நாளைக்கொண்டு எழுதப்பட்டிருந்தது. மற்றொன்றிலே பதவி நிரந்தரமான நாளைக்கொண்டு. எந்த நாளை எடுப்பது? ஒரு கணக்குப்படி அவர் நான்காமவர். மற்றொரு கணக்குப்படி ஒன்பதாமவர். நேற்றுவரை அண்ணன் தங்கைபோல் பழகிய ஆசிரியர்கள் மேசையின் இரு பக்கமாகப் பிரிந்து அமர்ந்தார்கள். தேநீர்ப் பாத்திரமும் இரண்டாயிற்று. நிர்வாகியோ, "ஆசிரியர்களுக்குள் ஒற்றுமையில்லை" என்று நம்மைப் பார்த்து வருந்தினார்!

இந்தப் பணிமூப்பு, விமானத் தொழிலில் நம்மிடம் உள்ளதைப்போல் பன்மடங்கு வலிமையுடையது. பெரும்பாலான விமானக் கம்பெனிகளில் ஒரு விமானி எந்த விமானத்தை ஓட்டுவார், எந்த ஊரைத் தளமாகக்கொண்டு வாழ்வார், எந்த நாளில் விடுமுறை பெறுவார், எப்போது கேப்டன் ஆவார், ஆட்குறைப்பு வந்தால் முதலில் வீட்டுக்குப் போகிறவர் யார் என்பதையெல்லாம் அந்தப் பட்டியலின் எண்தான் தீர்மானிக்கிறது. திறமைக்குச் சான்றிதழ் உண்டு. உழைத்த ஆண்டுகளுக்கோ அந்த எண்ணைத் தவிர வேறு சான்று இல்லை. அதைவிட்டு வேறு கம்பெனிக்குச் சென்றால், நரைத்த தலையோடு கடைசி வரிசையிலே நிற்கவேண்டும். ஆகவே இரு கம்பெனிகளை இணைப்பவர்கள் விமானங்களை மட்டும் இணைக்கவில்லை. ஆயிரமாயிரம் மனிதர்களின் ஆண்டுகளை ஒரே கூடையில் கொட்டிக் குலுக்குகின்றனர்.

நம் நாட்டின் கதையையே எடுத்துக்கொள்வோம்.

1953இல் இயற்றப்பட்ட விமானக் கார்ப்பரேஷன்கள் சட்டத்தின்படி, உள்நாட்டிலே பறந்துகொண்டிருந்த எட்டுத் தனியார் கம்பெனிகள் ஒன்றாக்கப்பட்டு இந்தியன் ஏர்லைன்ஸ் பிறந்தது. வெளிநாட்டுப் பயணம் ஏர் இந்தியாவிடம் விடப்பட்டது. அந்தச் சட்டத்தின் குறை நிறைகளை ஆராய இது இடமன்று. ஒன்றை மட்டும் கூறுவோம்: சட்டத்தை எழுதியவர்கள் ஊழியனை மறக்கவில்லை. பழைய கம்பெனியில் இருந்த ஊதியத்தோடும் பணி நிபந்தனைகளோடும் அவர் புதிய கார்ப்பரேஷனுக்குள் வருவார் என்று சட்டத்திலேயே எழுதினார்கள். இணைப்பும் ஏற்பாடும் ஒரே ஏட்டில் இருந்தன.

ஐம்பத்து நான்கு ஆண்டுகள் கழித்து, 2007 ஆகஸ்டில், அந்த இந்தியன் ஏர்லைன்ஸும் ஏர் இந்தியாவும் ஒரே கம்பெனியாக்கப்பட்டன. முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட ஊழியர்கள். இரண்டு ஊதிய முறைகள். இரண்டு பதவி உயர்வு வழிகள். இரண்டு விமானிகள் சங்கங்கள். இணைப்புக்குச் சற்று முன்னர்தான் ஏர் இந்தியாவுக்கு 68 போயிங் விமானங்களும் இந்தியன் ஏர்லைன்ஸுக்கு 43 ஏர்பஸ் விமானங்களும், ஆக 111 விமானங்கள், கடன்பட்டு வாங்க முடிவாகியிருந்தது. வாங்கிய பின் இணைத்தார்கள். இணைத்த பின் எண்ணினார்கள்! இணைப்பு உரிய காலத்தில் நடைபெறவில்லை என்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளரே 2011இல் எழுதினார்.

பெயர் ஒன்றாயிற்று, பயணச்சீட்டிலே குறியீடு ஒன்றாவதற்கு 2011 பிப்ரவரி வரை காத்திருக்க நேர்ந்தது. அந்த ஆண்டு ஏப்ரல் இறுதியில், பழைய இந்தியன் ஏர்லைன்ஸ் விமானிகள் வேலைநிறுத்தம் செய்தனர். "ஒரே கம்பெனி, ஒரே வேலை; ஊதியத்தில் மட்டும் ஏன் இரண்டு?" என்பது அவர்கள் கேள்வி. பத்து நாள் விமானங்கள் தரையில் நின்றன. அதன் பிறகுதான், யார் யாருக்கு மூத்தவர், யாருக்கு என்ன ஊதியம் என்பதை ஆராய ஓய்வுபெற்ற நீதிபதி தர்மாதிகாரி தலைமையில் குழு அமைக்கப்பட்டது. எண்ணிப் பாருங்கள், தோழர்களே! மாலை மாற்றி நான்காண்டு கழித்து, "வீட்டிலே யாருக்கு எந்த அறை?" என்று பேச ஆள் தேடுகிறார்கள்.

அடுத்த ஆண்டு, 2012 மே மாதத்தில், மறுபக்கத்தார் எழுந்தனர். பழைய ஏர் இந்தியா ஆர்டர் செய்திருந்த போயிங் 787 'டிரீம்லைனர்' வரவிருந்தது. அதனை ஓட்டும் பயிற்சியைப் பழைய இந்தியன் ஏர்லைன்ஸ் விமானிகளுக்கும் தருவதென நிர்வாகம் முடிவு செய்தது. "எங்கள் பதவி உயர்வுக்கு இருந்த ஒரே ஏணியில் மற்றவரை ஏற்றுகிறீர்களே!" என்றனர் இவர்கள். 58 நாள் வேலைநிறுத்தம். ஏறத்தாழ நூறு பேர் வேலைநீக்கம். வெளிநாட்டுப் பயணங்கள் பல ரத்து.

இரண்டு போராட்டங்களில் எது நியாயம்? நாம் பலமுறை எண்ணிப் பார்த்தோம். ஒரே வேலைக்கு ஒரே கூலி கேட்டவர் சொன்னது நியாயம். உழைத்துச் சேர்த்த வரிசையைக் காக்க முயன்றவர் சொன்னதும் நியாயம். ஓராண்டு இடைவெளியில் இரு சாராரும் ஒருவருக்கெதிராக ஒருவர் நிற்கும்படி ஆயிற்று. அவர்களை அப்படி நிறுத்திவைத்தவர்கள் எந்த அணியிலும் இல்லை. மக்கள் வைதது யாரை? "கொழுத்த சம்பளக்காரர்கள்" என்று விமானிகளை. 2007இல் கையொப்பமிட்ட கைகளை எவர் நினைத்தார்? 2021 ஆகஸ்டு இறுதியில் அந்தக் கம்பெனியின் கடன் 61,562 கோடி ரூபாய். 2022 ஜனவரியில் அது டாட்டாவுக்கு விற்கப்பட்டபோது, அக்கடனில் 15,300 கோடியை வாங்கியவர் ஏற்றார். மிச்சம் அரசின் தலையில், அதாவது விமானத்தை அண்ணாந்து மட்டுமே பார்த்த நம் மக்களின் தலையிலும்!

இங்கே நிறுத்திவிட்டால் நமக்கு எளிது. முதலாளியும் அமைச்சரும் குற்றவாளிகள், தொழிலாளி குற்றமற்றவன் என்று கூறிக் கைதட்டல் பெறலாம். ஆனால், நமக்குப் பிடித்த முடிவோடு நின்றுவிடுவது பகுத்தறிவாகாது. அமெரிக்காவில் நடந்த ஒரு நிகழ்ச்சி நம்மை அவ்வாறு நிற்கவிடவில்லை.

டி.டபிள்யூ.ஏ. என்பது அந்நாட்டின் புகழ்பெற்ற பழைய விமானக் கம்பெனி. திவாலாகி நின்ற அதனை 2001 ஏப்ரலில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் வாங்கிற்று. விமானிகளின் ஒப்பந்தத்தில் ஒரு பாதுகாப்பு இருந்தது: கம்பெனி வேறொன்றோடு இணைந்தால், பணிமூப்பை நியாயமாகச் சேர்க்க நடுவரை நாடலாம். அதனை விட்டுக்கொடுத்தால்தான் வணிகம் முடியும் என்ற நெருக்கடி வந்தது, விட்டுக்கொடுத்தார்கள். மூழ்குகிறவனிடம் கயிற்றை நீட்டி, "முதலில் சட்டையைக் கழற்றிக் கொடு" என்பது போன்ற பேரம் இது. விமானப் பணிப்பெண்களும் பணியாளர்களுமாக நாலாயிரத்துக்கு மேற்பட்டோரின் கதி இன்னும் கொடிது. அமெரிக்கன் ஏர்லைன்ஸின் கடைசி ஊழியருக்கும் கீழே, பட்டியலின் அடியிலே, அவர்கள் அனைவரும் ஒட்டவைக்கப்பட்டனர். இருபது, முப்பது ஆண்டு பணிசெய்தவர், முந்திய ஆண்டு வேலைக்கு வந்த பெண்ணுக்கும் இளையவரானார். 2001 செப்டம்பரில் நியூயார்க்கில் நடந்த தாக்குதலுக்குப் பின் பயணிகள் குறைந்தனர், ஆட்குறைப்பு வந்தது. கீழிருந்து வெட்டினார்கள். 2003 ஜூலைக்குள் அந்த நாலாயிரம் பேரும் வேலையிழந்து வெளியே நின்றனர். சிலர் பல ஆண்டுகளுக்குப்பின் திரும்ப அழைக்கப்பட்டனர், எல்லாரும் அல்லர்.

அவர்களை அடியிலே வைத்தது யார்? முதலாளி என்று விரல் நீட்ட ஆசை. இல்லை, தோழர்களே! அமெரிக்கன் ஏர்லைன்ஸ் பணியாளர்களின் சங்கம் வற்புறுத்திய ஏற்பாடு அது. தொழிலாளர் சங்கம்! தம்மைப்போலவே அதே தள்ளுவண்டியைத் தள்ளி, அதே புன்னகையைக் கூலிக்கு விற்று, அதே நடுநிசியில் வீடு திரும்பிய பெண்களை, "நீங்கள் நேற்று வந்தவர்கள்" என்று சொல்லிவிட்டனர்.

குற்றமா? குற்றமே என்போம். "எங்கள் உறுப்பினர்களைக் காப்பது எங்கள் கடமை" என்று அந்தச் சங்கம் சொல்லலாம். 'எங்களவர்' என்ற சொல்லுக்குள்தானே எல்லா வேலிகளும் ஒளிந்திருக்கின்றன! பிறந்த தெருவை வைத்து ஒருவரை அடியில் நிறுத்துவதை எதிர்க்கும் நாம், பழைய கம்பெனியின் பெயரை வைத்து அடியில் நிறுத்துவதை எப்படி ஒப்ப இயலும்? அதே மூச்சில் மற்றொன்றையும் சொல்லவேண்டும். இணைப்பு நடக்குமுன்பே வரிசைக்கு விதி எழுதப்பட்டிருந்தால், அந்தப் பாவத்தைச் செய்யும் வாய்ப்பே அச்சங்கத்துக்கு வந்திராது. பசித்த இருவர் நடுவே ஒரே அப்பத்தை வைத்துவிட்டு, "அடித்துக்கொள்கிறார்களே!" என்று வியப்பவனின் குற்றம், அடித்துக்கொள்பவன் குற்றத்தைவிடச் சிறிதாகாது.

இனிப் பயணியைப் பற்றி. அவனிடம் உள்ள பலம் ஒன்றே ஒன்று: "நீ இல்லாவிட்டால் அடுத்த கடை." இணைப்பு அந்த அடுத்த கடையை மூடிவிடுகிறது.

அமெரிக்காவில் டெல்டாவும் நார்த்வெஸ்ட்டும் 2008இல் இணைந்தன. மெம்பிஸ் நகரம் 2013இல் விமான மையம் என்ற நிலையை இழந்தது. யுனைடெட்டும் கான்டினென்டலும் 2010இல் இணைந்தன. கிளீவ்லாந்து நகரத்து மையத்தை மூடுவதாக 2014இல் அறிவித்தனர். டி.டபிள்யூ.ஏ.யின் மையமாயிருந்த செயின்ட் லூயி நகரில் 2003 நவம்பரில் பயணங்கள் ஏறத்தாழப் பாதியாக வெட்டப்பட்டன. ஒரு விமான மையம் போனால் ஓட்டல், டாக்சி, சலவைக்கடை எல்லாம் உடன் போகும். இணைந்த கம்பெனியின் கணக்கேட்டில் அதற்கெல்லாம் வரி ஏது?

இங்கே 2007இல் ஜெட் ஏர்வேஸ், சகாரா விமானக் கம்பெனியை 1,450 கோடி ரூபாய்க்கு வாங்கிற்று. அதே ஆண்டில் கிங்ஃபிஷர், ஏர் டெக்கானின் பங்குகளை வாங்கிற்று. டெக்கான் எத்தகையது? சாதாரண மனிதனும் பறக்கட்டும் என்று கேப்டன் கோபிநாத் 2003இல் தொடங்கிய மலிவுக் கட்டண விமானக் கம்பெனி. அடுத்த ஆண்டே பெயர் மறைந்தது. 2011இல் அந்த மலிவுச் சேவையையே கைவிடுவதாக அறிவித்தனர். 2012 அக்டோபரில் கிங்ஃபிஷரே தரையிறங்கிற்று, ஊழியர்களின் பல மாதச் சம்பளப் பாக்கியோடு. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17இல் பறப்பதை நிறுத்தியது. 2024 நவம்பரில் உச்சநீதிமன்றம் அதனைக் கலைத்து விற்க ஆணையிட்டது. இந்த வீழ்ச்சிகளுக்கு இணைப்பு ஒன்றே காரணம் என்று நாம் கூறவில்லை. எண்ணெய் விலை, கடன், ஆடம்பரம் எல்லாம் உண்டு. ஆனால், பலம் பெருகும் என்று வாழ்த்துப்பா பாடினார்களே, அந்தப் பலம் எங்கே?

பிறகு 2024. ஏர் ஏசியா இந்தியா அக்டோபரில் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸுடன் சேர்ந்தது. விஸ்தாரா நவம்பர் 12இல் ஏர் இந்தியாவுடன் கரைந்தது. கரையுமுன்பே கசப்பு. மாதம் 70 மணி நேரத்துக்கு உறுதியாக இருந்த ஊதியம் புதிய ஒப்பந்தத்தில் 40 மணி நேரத்துக்கு ஆனதால், விஸ்தாரா விமானிகள் பலர் உடல்நலமில்லை என்று விடுப்பெடுத்தனர், பயணங்கள் குறைக்கப்பட்டன. மே மாதத்தில் எக்ஸ்பிரஸ் பணியாளர்கள் அதே வழியில் கூட்டாக விடுப்பெடுத்தனர். இருபத்தைந்து பேர் நீக்கப்பட்டு, தொழிலாளர் ஆணையர் முன்னிலையில் பேச்சு நடந்த பின் மீண்டும் சேர்க்கப்பட்டனர். அந்த எக்ஸ்பிரஸில் பறப்பவர் யார்? வளைகுடா நாடுகளுக்குக் கூலி வேலைக்குச் செல்வோர் ஏராளம். விடுப்பு முடியும் நாளை எண்ணிக்கொண்டு, விசா தீரும் நாளை எண்ணிக்கொண்டு, பெட்டியோடு விமான நிலையத்தில் அமர்ந்திருந்தவர்கள். ஒரு தொழிலாளியின் வருத்தம் மற்றொரு தொழிலாளியின் தலையில் இறங்கிற்று. கையொப்பமிட்டவர் எவருடைய விமானமும் தவறியதாகத் தெரியவில்லை.

இன்று உள்நாட்டுப் பயணிகளில் பத்தில் ஒன்பது பேர் இண்டிகோ, ஏர் இந்தியா என்ற இரு குழுமங்களின் கையில். இண்டிகோ பிறரை விழுங்கி வளர்ந்ததன்று, அதனை ஒப்புக்கொள்ளவேண்டும். ஆனால் மற்றவர்கள் இணைந்தும் இடிந்தும் போனதால் என்ன நேர்ந்தது? 2025 டிசம்பர் முதல் வாரத்தில், விமானிகளுக்குக் கூடுதல் ஓய்வு தரும் புதிய விதிகளுக்கேற்ப ஆயத்தமாகாத அந்த ஒரு கம்பெனி, ஒரே நாளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பயணங்களை ரத்து செய்தது; நாடே தவித்தது. மற்ற விமானங்களில் கட்டணம் விண்ணை முட்ட, அரசு உச்சவரம்பு போட நேர்ந்தது. அத்துடன் நின்றதா? களைத்த கண்களோடு விமானம் ஓட்டக்கூடாது என்பதற்காக எழுதப்பட்ட இரவுப்பணி விதியிலிருந்தே அக்கம்பெனிக்குத் தற்காலிக விலக்கு அளிக்கப்பட்டது. கடை ஒன்று பெரிதாகிவிட்டால், தராசு கடைக்காரனுக்கு ஏற்றபடி வளைகிறது.

எதிர்வாதம் உண்டு, அதையும் கேட்போம். அமெரிக்காவில் ஸ்பிரிட் என்னும் மலிவுக் கட்டணக் கம்பெனியை 380 கோடி டாலருக்கு வாங்க ஜெட்புளூ முனைந்தது. சிக்கனமாகப் பயணம் செய்வோர் பாதிக்கப்படுவர் என்று 2024 ஜனவரியில் பாஸ்டன் நீதிமன்றம் தடுத்தது. நாம் மகிழ்ந்தோம். ஆனால் அந்த நவம்பரிலேயே ஸ்பிரிட் திவால் மனு கொடுத்தது. 2025 ஆகஸ்டில் மீண்டும் ஒருமுறை. "இணைத்திருந்தால் அந்த ஊழியர் பிழைத்திருப்பாரே!" என்று கேட்பவருக்கு நம்மிடம் ஆயத்த விடை இல்லை. பிழைத்திருக்கலாம். டி.டபிள்யூ.ஏ. ஊழியருக்கும் அப்படித்தான் சொல்லப்பட்டது என்பதை மட்டும் நினைவூட்டுவோம். எல்லா இணைப்பும் தீது என்பது நம் வாதமன்று. நம் இரு பள்ளிகளையும் இணைத்தது சரியென்றே இப்போதும் கருதுகிறோம். இணைப்பதா வேண்டாமா என்பதைவிட, யாரைக் கேட்டு, எந்த விதியின்கீழ் என்பதே நம் கேள்வி.

விதி எழுதுவது இயலாத செயலா? அமெரிக்காவிலேயே 1972இல் அலகெனி, மோகாக் என்ற கம்பெனிகள் இணைந்தபோது, பணிமூப்பை நியாயமாகச் சேர்க்கவேண்டும், தகராறு வந்தால் நடுவர் தீர்க்கவேண்டும் என்று அந்நாட்டு விமான வாரியம் நிபந்தனை விதித்தது. பின்னர் 'சந்தைக்குச் சுதந்திரம்' என்ற முழக்கம் எழுந்தது, வாரியமே கலைக்கப்பட்டது, நிபந்தனை சங்கங்களின் ஒப்பந்தங்களில் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. டி.டபிள்யூ.ஏ. பணியாளர்கள் தெருவுக்கு வந்தபின், அவர்களில் பலர் வாழ்ந்த மிசௌரி மாநிலத்தின் இரு செனட்டர்கள், எதிரெதிர்க் கட்சியினரான மெக்காஸ்கிலும் பாண்டும், அந்த நிபந்தனையைச் சட்டமாக்கப் பாடுபட்டனர்.

அச்சட்டம் நிறைவேறியது 2007 டிசம்பரில். தில்லியில் ஏர் இந்தியாவையும் இந்தியன் ஏர்லைன்ஸையும் இணைத்து நான்கு மாதம் ஆகியிருந்தது. தர்மாதிகாரி குழு அமைய இன்னும் மூன்றரை ஆண்டு இருந்தது. 2003இல் வெளியேற்றப்பட்ட அந்த நாலாயிரம் பேருக்கு அது பின்னோக்கிப் பொருந்தவில்லை.